குளக்கரை வீடும் அலிகேட்டரும்: வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்தில் குடியிருக்கும் வாசகர்களும், அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும் பெற்றோரும், முதலைக்கு உறவான அலிகேட்டர் என்ற விலங்கைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

டாம்பாவில் புது வீடு வாங்கியிருக்கிறோம். கொல்லைப்புறம் முடிகிற இடத்தில் குளம். ‘இந்தக் குளத்தில் அலிகேட்டர் கிடையாது’ என்கிறார் வீட்டை விற்றவர். நம்பலாமா?
- வாசகி, டாம்பா

நம்பாதீர்கள். ப்ளோரிடாவின் 67 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) அலிகேட்டர் உண்டு. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 13 லட்சம். 1967இல் அழியும் நிலையிலுள்ள விலங்கு என்று பட்டியலில் சேர்த்தார்கள், 1987இல் மீண்டுவிட்டது என்று எடுத்தார்கள். அதற்குப் பிறகு அது வாழ்கிற நீர்க்கரையிலேயே நாமும் வரிசையாக வீடு கட்டிக்கொண்டே போகிறோம்.

உங்கள் வீட்டுக் குளம் பெரும்பாலும் மழைநீர் வடிவதற்காக வெட்டியதாக இருக்கும். அப்படிப்பட்ட குளங்கள் நிலத்தடிக் குழாய் வழியே பக்கத்துக் குளத்தோடும் கால்வாயோடும் சேர்ந்திருக்கும். அலிகேட்டர் அந்த வழியாக வரும். தரைமேல் நடந்தும் வரும். ஏப்ரலில் இணை தேடத் தொடங்கி, மே, ஜூனில் இணை சேரும். அந்த மாதங்களில்தான் சாலையிலும் கார் நிறுத்தும் இடத்திலும் அதைப் பார்க்கிறார்கள். போன வாரம் காலியாக இருந்த குளத்தில் இந்த வாரம் ஒன்று கிடக்கலாம். குளத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

அதற்காக வீட்டை விற்க வேண்டாம். சீண்டாமலே கடித்து, மருத்துவரிடம் போகும்படியான சம்பவங்கள் மாநிலம் முழுவதற்கும் சராசரியாக ஆண்டுக்கு எட்டுதான்.

கண்ணும் மூக்கும் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. குட்டியா பெரியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது புகார் செய்யலாம்?
- வாசகர், ஓர்லாண்டோ

கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம் இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை அடி நீளம். எட்டு அங்குலம் தெரிந்தால் உடம்பு எட்டடி. பைனாகுலர் வைத்து வீட்டுக்குள்ளிருந்தே பாருங்கள். அளப்பதற்காகக் கரையில் இறங்காதீர்கள்.

நாலடிக்குக் குறைந்தது பொதுவாக ஆளுக்கு ஆபத்தில்லை. நாலடியும் அதற்கு மேலும் இருந்து, மனிதருக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று தோன்றினால், மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் அலிகேட்டர் எண்ணை அழையுங்கள்: 866-392-4286. உரிமம் பெற்ற ஆளை அனுப்புவார்கள். குளம் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமானால், உள்ளே வர சங்கத்தின் அனுமதி வேண்டும். புது வீட்டுக்குப் போனதுமே சங்கத்தில் யாரிடம் பேசுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அழைக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பிடித்துப் போகிற பெரிய அலிகேட்டரை வேறு ஏரியில் விடுவதில்லை, பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். வேறிடத்தில் விட்டால் பழைய இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும். அங்கே ஏற்கெனவே இருப்பதோடு சண்டை போடும். அதனால் தன் பாட்டுக்கு வெயில் காய்கிற ஒன்றின்மேல் புகார் கொடுக்காதீர்கள். ஆளைக் கண்டும் விலகாமல் கரையை நோக்கி நீந்தி வருகிறதா, அடிக்கடி கொல்லைக்கே வருகிறதா, உடனே அழையுங்கள்.

நீங்களாகப் பிடிப்பதோ கொல்வதோ அந்த மாநிலத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அப்பா, தினமும் காலையில் மிச்சச் சோற்றையும் பொரியையும் குளத்து வாத்துக்கும் ஆமைக்கும் போடுகிறார். கோயில் குளத்தில் மீனுக்குப் போட்டுப் பழகிய கை. வேண்டாம் என்றால் மனம் நோகிறார்.
- வாசகி, டாம்பா

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அலிகேட்டருக்கு இயல்பாகவே மனிதனிடம் அச்சம் உண்டு. ஆள் வந்தால் சரேலென்று தண்ணீருக்குள் போய்விடும். நம்மையும் அதையும் காப்பது இந்த அச்சம்தான். சோறு அதற்கு இரையில்லை. ஆனால் சோற்றுக்கு மீனும் ஆமையும் வாத்தும் கூடுகின்றன, அவற்றைத் தேடி அது வருகிறது. ஒரே நேரம், ஒரே இடம், கரையில் ஒரு ஆள், தண்ணீரில் சலசலப்பு. சில வாரங்களில் ஆள் நின்றால் இரை இருக்கும் என்று கற்றுக்கொள்கிறது. பிறகு வெறுங்கையோடு நிற்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அது அப்படித்தான் பார்க்கும். கடைசியில் அதையும் பிடித்துக் கொல்வார்கள். இரக்கப்பட்டுப் போட்ட சோறு ஒரு உயிரின் சாவில் போய் முடியும்.

அலிகேட்டருக்கே இரை போடுவது ப்ளோரிடாவில் சட்டப்படி குற்றம். மீன் கழுவிய தண்ணீர், செதில், குடல், கோழிக் கழிவு எதையும் குளத்தில் கொட்டாதீர்கள். பையில் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். உயிருக்குச் சோறிட வேண்டும் என்ற அப்பாவின் மனம் நல்ல மனம். வீட்டின் முன்பக்கம், தண்ணீரை விட்டுத் தள்ளி, பறவைகளுக்குத் தானியக் கூடு ஒன்று மாட்டிக் கொடுங்கள்.

ஆடி அமாவாசைக்குக் குளத்தில் இறங்கித் தர்ப்பணம் கொடுத்துப் பிண்டம் கரைக்கலாமா? விநாயகரை அங்கே கரைக்கலாமா?
- வாசகர், ஜாக்சன்வில்

இரண்டுமே வேண்டாம். ஆடி அமாவாசை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. அலிகேட்டர் மிகச் சுறுசுறுப்பாக இருப்பது 28 முதல் 33 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அதாவது சரியாக அந்த மாதங்களில். (21 டிகிரிக்குக் கீழே பொதுவாக இரை எடுப்பதில்லை, 13க்குக் கீழே முடங்கிவிடும்.) அந்தியிலிருந்து விடியல்வரைதான் அதன் வேட்டை நேரம், நாம் நீராடுவதும் விடியலில். போதாக்குறைக்குக் கையில் சோற்று உருண்டை. வீட்டில் தாம்பாளத்தில் தர்ப்பணம் கொடுங்கள். விநாயகர் களிமண்ணாக இருந்தால் வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை குஞ்சு பொரிக்கும் காலம். தாய் கரையோரம்தான் காவல் இருக்கும்.

எங்கள் ஊர் பழைய கொள்ளிடக் கரை. முதலை எங்களுக்குப் புதிதல்ல. மகன் வீட்டுக்குப் போகிறோம். அதுவும் இதுவும் ஒன்றுதானே?
- வாசகர், சிதம்பரம்

உறவுதான், ஒன்றல்ல. நம் சதுப்பு முதலைக்கும் மூக்கு அகலம் என்பதால் மூக்கை வைத்துப் பிரிக்க முடியாது. வாயை மூடினால் முதலைக்குக் கீழ்ப்பல்லும் வெளியே தெரியும். அலிகேட்டருக்கு மேல்தாடை அதை மூடிவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கூடு. நம்மூர் முதலை கரையில் குழி தோண்டி முட்டையிடும். அலிகேட்டர் ஜூன் கடைசி, ஜூலையில் இலைதழை, நாணல், சேறு எல்லாம் சேர்த்து மேடு கட்டும். உள்ளே 32 முதல் 46 முட்டை. பார்த்தால் யாரோ தோட்டக் குப்பையைக் குவித்தது போலத்தான் இருக்கும். வெட்டிய புல் என்று நினைத்துக் காலால் தள்ளிவிடாதீர்கள். ‘கீ, கீ’ என்று கத்துகிற சாண் நீளக் குஞ்சைக் கையில் எடுக்கவே கூடாது. குரல் கேட்டுத் தாய் வரும்.

நாயை எங்கே நடத்துவது? குழந்தையை?
- வாசகி, போர்ட் மயர்ஸ்

நாய்தான் அதன் வழக்கமான இரையின் அளவில் இருப்பது. குட்டைக் கயிற்றில், குளக்கரையை விட்டு நடைபாதையில், நல்ல வெளிச்சத்தில் நடத்துங்கள். குளத்தில் தண்ணீர் குடிக்கவிடாதீர்கள். நீளும் கயிறு வேண்டாம். நாய் முன்னே ஓடிக் கரையைத் தொட்டுவிடும். 2023இல் போர்ட் பியர்ஸ் ஊரில் குளக்கரையில் நாயோடு நடந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். குழந்தை தண்ணீரோரம் இருந்தால் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பலகை நடைமேடையிலும் அப்படியே. இடுப்பளவு வேலி போதாது, அலிகேட்டர் ஏறும். ஆள் மார்பளவு உயரத்துக்குப் போட்டு, அடியில் இடைவெளியை அடையுங்கள். புயல் வெள்ளத்தில் யாரும் இறங்க வேண்டாம்.

துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டுமாமே?
- வாசகர், சென்னை

தவறு. நேராக, தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். தரையில் அதன் வேகம் சில அடி தூரத்துக்குத்தான், சீக்கிரம் களைத்துவிடும். சீறினால் ‘கிட்டே வந்துவிட்டாய்’ என்று பொருள், பின்வாங்குங்கள். எப்போதும் 60 அடி தள்ளியே நில்லுங்கள்.

கடித்துவிட்டால் அசையாமல் கிடக்காதீர்கள். கத்துங்கள், கண்ணிலும் மூக்கு நுனியிலும் ஓயாமல் குத்துங்கள். இரை அடங்காது என்று பட்டால் பல நேரம் விட்டுவிடும். விட்டதும் கரையேறி, துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்தி, அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். சிறு காயமானாலும் மருத்துவமனைக்குப் போய், அலிகேட்டர் கடித்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் வாயிலும் குளத்து நீரிலும் ஏரோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டு. அதற்கேற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாகிறது என்பதையும் கேட்பார்.