பணம் கொடுத்தால் வாரியத்தில் நேரடிப் பதிவு கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் இந்திய கிரிக்கெட் வாரியத்தில் நேரடியாகப் பதிவு செய்து, 16 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆட வைப்பதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். வாரியத்தின் உறுப்பினர்கள் மாநிலச் சங்கங்களே தவிர, தனிப்பட்ட சிறுவர்கள் அல்லர். போட்டிகளை நடத்துவதும் விதிகளை வகுப்பதும் வயதைச் சரிபார்ப்பதும் வாரியத்தின் பொறுப்பு. ஆனால் 16 வயதுக்குட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பையில் ஆடும் அணியை அந்தந்த மாநிலச் சங்கம்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே உங்கள் மகனுக்கான வழி, மாவட்டச் சங்கத்தின் தேர்வில்தான் தொடங்குகிறது.

இப்படிப்பட்ட தரகர்கள் பெரும்பாலும் காட்டுவது, 'அகில இந்திய' என்று பெயர் வைத்துக்கொண்ட ஏதோ ஓர் அமைப்பின் போட்டியைத்தான். மூவர்ணப் பட்டை போட்ட சட்டை, தங்க நிற முத்திரை குத்திய சான்றிதழ், குழுப் புகைப்படம் எல்லாம் கிடைக்கும். மாநிலத் தேர்வாளர்கள் முன்னால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது.

வேறு மாநிலத்துக்காக ஆடலாமே என்று அவர் அடுத்துச் சொல்லக்கூடும். இதில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். 2018-19 பருவத்தில் மாநில அணிகள் ஆடும் ரஞ்சிக் கோப்பைக்குப் புதுச்சேரி, சிக்கிம், மிசோரம் உட்பட 9 புதிய அணிகள் வந்தபின் இந்தப் பேச்சு பெருகிவிட்டது. குடும்பம் உண்மையிலேயே குடிபெயர்ந்து, பையன் அங்கேயே படித்து, அம்மாநிலச் சங்கத்தின் தகுதி விதிகளை நிறைவு செய்தால் ஆடலாம். ஏற்கெனவே ஒரு சங்கத்துக்காக ஆடியவர் என்றால் அதன் தடையில்லாச் சான்றும் வேண்டும். ஆனால் தரகர் தருவது வாடகை ஒப்பந்தம் முதல் பள்ளிச் சான்று வரை போலியான ஆவணங்களை. பிறப்புச் சான்றிதழில் கைவைத்தாலோ நிலைமை இன்னும் மோசம்: இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள், வயது மோசடி உறுதியானால் இரண்டு ஆண்டுத் தடை. தண்டனை பையனுக்கு, பணம் தரகருக்கு.

இவ்வளவு பணம் புழங்கும் விளையாட்டில், தேர்வு எப்போது, எங்கே, யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை ஒவ்வொரு பள்ளிக்கும் எழுதி அனுப்பக்கூட நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மௌனத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். நீங்கள் மாவட்டச் சங்க அலுவலகத்துக்கு நேரில் சென்று, அடுத்த தேர்வு நாளையும் தேவையான ஆவணங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நபரிடம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், வங்கிப் பரிமாற்ற விவரங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலை மாநிலச் சங்கத்துக்கும் அனுப்புங்கள்.