பைக்கில் கண் சொக்கியதை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள்?

போன வாரம் சாயங்காலம் 7 மணிக்கு, குலசேகரத்திலிருந்து திருவட்டாறு போகும் வழியில் பைக்கில் ஒரு நொடி கண் சொக்கிவிட்டது, நல்ல வேளை எதிரே வண்டி வரவில்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

தூக்கம் குறைந்ததால்தானா என்று நீங்கள் கேட்டிருக்கும் முடி கொட்டுவது, கண்ணுக்குக் கீழே கருமை, ரப்பர் வெட்டும் கத்தியை எங்கே வைத்தோம் என்ற மறதி, இதையெல்லாம் விடுங்கள். 46 வயதில் முன்நெற்றி ஏறுவது பெரும்பாலும் பரம்பரை. தூங்காத மூளையில் எதுவும் சரியாகப் பதியாது, அது மறதி நோய் இல்லை. குறைவாகத் தூங்கினால் புற்றுநோய் வரும் என்று யாரோ மிரட்டுகிற வீடியோவை ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து பார்த்தால், இருக்கிற தூக்கமும் போகும்.

உங்களுடைய உண்மையான பயம் அண்ணன் தூக்கத்திலேயே இறந்துபோனதுதான். அதனால்தான் இதைச் சொல்கிறேன். ரப்பர் பால் வெட்ட ராத்திரி 2 மணிக்கு எழுந்திருப்பவருக்குப் பகலில் அசதி இருக்கத்தான் செய்யும். ஆனால் மழையில் வெட்டு இல்லாத நாட்களில் 8 மணி நேரம் தூங்கியும் காலையில் தலை கனக்கிறது, வாய் உலர்ந்து கிடக்கிறது என்கிறீர்கள். குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், அப்புறம் திணறி மூச்சு இழுக்கிறீர்கள் என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். இது வெறும் தூக்கக் குறைவு இல்லை, ஸ்லீப் அப்னியா என்கிற, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் போலத் தெரிகிறது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு போகும் வழி அடைபடுகிறது, 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை உங்களை அரைகுறையாக எழுப்பி மூச்சு விட வைக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு இது ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் நடக்கும், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. இன்று ராத்திரியே உயிர் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், பக்கவாதம் வர வாய்ப்பு கூடும்.

இந்த நிலைமையில் மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு வாரமாக, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரையில் அரை போடுகிறீர்களே! டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. ஏற்கெனவே தளர்ந்து அடைக்கிற தொண்டையை அது இன்னும் தளர்த்தும், மூளை உங்களை எழுப்பவும் விடாது. மதுவும் இதையேதான் செய்யும். இன்றே நிறுத்துங்கள். (மாதக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.)

2 மணிக்கு எழுந்தவருக்குச் சாயங்காலம் 7 மணி என்றால் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் மூளையின் வேகம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருடைய வேகத்துக்குச் சமமாக இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே பரிசோதனை முடியும்வரை பைக்கைத் தொடாதீர்கள். பஸ்ஸில் போங்கள், அல்லது பையனை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள்.

வெட்டு நேரத்தை மாற்ற முடியாது, விடியும் முன்புதான் பால் நன்றாக வடியும், எனக்குத் தெரியும். அதனால் தூக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ராத்திரி எட்டரைக்குப் படுத்தால் ஐந்தரை மணி நேரம், மதியம் சாப்பிட்டபின் இருட்டறையில் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 7 வந்துவிடும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை பிரிவுக்குப் போங்கள். தூக்கப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால், ராத்திரி மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற காற்றழுத்தக் கருவி உண்டு, நன்றாகவே வேலை செய்யும். போவதற்கு முன்னால் நீங்கள் தூங்கும்போது மூச்சு நிற்பதை மனைவியை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கிற பாதிக் கேள்விகளுக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.