வாக்குத்தத்த அட்டையும் விலகல் கடிதமும்

கேள்வி: எனக்கு 44 வயது. மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஈசூனில் நான்கறை வீட்டில் வசிக்கிறேன். துவாஸில் ஒரு கிடங்கில் 16 ஆண்டுகளாக வேலை. இப்போது மேற்பார்வையாளர், என்கீழ் 12 பேர் இருக்கிறார்கள். பெரிய கடனோ நோயோ இல்லை. ஆனாலும் மனதில் நிறைவு இல்லை. என்னோடு சேர்ந்தவர்கள் மேலாளர்களாகிக் கூட்டுரிமை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தமாக, அதாவது தேவன் எனக்குத் தரும் வாக்காக, வந்தது. இதே வசனம் முன்பும் இரண்டு முறை வந்திருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரும்படி தேவன் அழைக்கிறாரோ என்று எண்ணி விலகல் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள சகோதரரே, உங்கள் கடிதத்தில் இரண்டு தவிப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இருப்பதில் மனம் நிறையவில்லை என்பது ஒன்று. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை என்பது மற்றொன்று. இடம் மாறிவிட்டால் மனம் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, முதல் தவிப்புக்கு இரண்டாவதையே மருந்தாக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. விலகல் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

உங்களுக்குக் கிடைத்த வசனத்திலிருந்தே தொடங்குவோம். டிசம்பர் 31 இரவு, தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் கை நடுங்க எடுக்கும் அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் வேதாகமத்துக்குள்ளும் அப்படிப்பட்ட அட்டைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். நீங்கள் எடுத்த வசனமோ, ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு நீண்ட கடிதத்தின் நடுவில் வருகிற வரி.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, யூதாவின் ராஜாவான எகொனியாவையும் தச்சர், கொல்லர் முதலிய கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களுடைய ஏக்கமெல்லாம் எப்போது திரும்புவோம் என்பதுதான். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன் எழுந்து, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் அறிவிக்கிறான். புத்தாண்டு அட்டையில் அச்சிட ஏற்ற செய்தி அதுதான். அது பொய்யாயிற்று. எரேமியா எழுதி அனுப்பியதோ 70 ஆண்டுகள் என்ற கணக்கு. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது அதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வயதுக்காரர் எவரும் ஊர் திரும்பும் நாளைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்பதே அதன் பொருள். அப்படிப்பட்டவர்களிடம்தான், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்கிறார் தீர்க்கதரிசி. ஒரு படி மேலே போய், தங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகவே விண்ணப்பம்பண்ணச் சொல்கிறார். இவ்வளவும் சொன்ன பிறகே, “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற உங்கள் வசனம் வருகிறது.

ஆகவே மூன்று முறை வந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு பெரிய மாற்றம் வரும் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். அந்தக் கடிதமோ இருக்கிற இடத்தில் செடி நடச் சொல்கிறது. பிழைக்க வந்த ஊரை வெறும் தங்குமிடமாகவே எண்ணி, திரும்பும் நாளைக் கணக்கிட்டே காலத்தைக் கழித்த நம் முன்னோரில் பலருக்கு இந்தப் பகுதி எளிதில் விளங்கியிருக்கும். இங்கேயே வேர்விட்டுவிட்ட நாம்தான் இதை வேறு வகையில் மறந்துபோகிறோம்: அடுத்த பதவி, அடுத்த வீடு, அடுத்த ஊழியம் என்று மனதளவில் எப்போதும் மூட்டை கட்டியபடியே இருக்கிறோம்.

உங்கள்கீழ் 12 பேர் இருப்பதாக எழுதினீர்கள். அவர்களைப் பற்றிக் கடிதத்தில் வேறு ஒரு சொல்லும் இல்லை. யாருக்கு எந்த வேலைநேரம், மிகைநேர வேலை யாருக்குப் போகிறது, ஒருவருக்குக் கையில் அடிபட்டால் அது முறையாகப் பதிவாகிறதா, தாயகத்தில் தாய் இறந்த செய்தி வரும்போது அவருக்காக மேலிடத்தில் யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் ஓரளவாவது உங்கள் கையில் இருக்கும். “நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை” தவிர கர்த்தர் வேறென்ன கேட்கிறார் என்று மீகா 6:8 வினவுகிறது. இதில் எந்தத் தொழிலின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாழ்க்கையின் வழியைத் தேவன் வரைபடமாகக் கையில் தருவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். 119ஆம் சங்கீதமோ வசனத்தைக் கால்களுக்குத் தீபம் என்கிறது. அக்காலத்து எண்ணெய் விளக்கின் வெளிச்சம் அடுத்த சில அடிகளுக்குத்தான் எட்டும்.

மனநிறைவுக்கு வருகிறேன். பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது காவலில் இருந்தார். “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்று அங்கே எழுதுகிறார். ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லே எனக்குப் பெரிய ஆறுதல். அது பிறவிக் குணமாகவோ, ஓர் இரவு ஜெபத்தில் திடீரென்று இறங்கிய வரமாகவோ அவருக்கு வரவில்லை. ‘மனரம்மியம்’ என்று நம் வேதாகமம் அழகாகத் தருகிற இடத்தில், கிரேக்க மூலத்தில் தன்னிறைவைக் குறிக்கும் சொல் இருக்கிறது. யாரையும் எதையும் சாராமல் தனித்து நிற்பதை அச்சொல்லால் போற்றியவர்கள் ஸ்தோயிக்கர் என்ற பண்டைய கிரேக்கத் தத்துவ மரபினர். பவுல் அவர்களுடைய சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளைத் திருப்பிவிடுகிறார்: தம் பெலன் கிறிஸ்துவினால் வருகிறது என்கிறார், அதோடு நில்லாமல், தம் உபத்திரவத்தில் பிலிப்பியர் பங்கெடுத்தது நலமானது என்று நன்றியும் சொல்கிறார். மனநிறைவு உள்ளவருக்கும் உடன் நிற்கும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள். நீங்கள் தனியாகவே இதைச் சுமந்துகொண்டு, ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறும்போதெல்லாம் மற்றவர்களின் வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தால், நிறைவு எங்கிருந்து வரும்?

போதும் என்ற மனம் வேண்டும் என்பதற்காக இந்த வேலையிலேயே ஓய்வுபெற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், 40 வயதைக் கடந்தவர்களுக்கு 2024இல் அரசு வழங்கிய 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்பியூச்சர் (திறன் பயிற்சிக்கான) தொகை உங்கள் கணக்கில் இன்னும் இருக்கக்கூடும். பயனுள்ள ஒரு பாடத்தில் சேருங்கள். இரவில் தூக்கம் கெட்டு, சாப்பாடும் பிடிக்காத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

முழுநேர ஊழியம் பற்றி என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அலுப்பும் அழைப்பும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தோன்றும். பவுல் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கியபோது, ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரின் வீட்டில் இருந்து அவர்களோடு கூடாரத் தொழில் செய்தார். அந்தத் தொழில் அவருடைய ஊழியத்துக்குத் தடையாக இருந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. உங்களுக்கு உண்மையாகவே அழைப்பு இருந்தால், ஞாயிறு பிற்பகலில் தங்குவிடுதிகளிலிருந்து வருகிற ஊழியர்களுடன் உட்கார்ந்து பேசுவதிலோ, படுக்கையிலிருக்கும் முதியவரைச் சந்திப்பதிலோ, இப்போதே அது வெளிப்படத் தொடங்கும். ஓர் ஆண்டு அப்படிச் செய்துவிட்டு உங்கள் போதகரிடம் போங்கள். அவரும் சபையில் உங்களை நன்றாக அறிந்த இரண்டு மூன்று பேரும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உங்களைப் புகழ்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மனைவியைப் பற்றி முதல் வரிகளில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. விலகல் கடிதம் எழுதி வைத்திருப்பது அவருக்குத் தெரியுமா என்று எங்கும் இல்லை. தெரியாது என்றால், அதை என்னிடம் சொன்னதற்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்தத் தாளை எடுத்து அவரிடம் காட்டுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள்.