ஓ-லானின் இரு முத்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெர்ல் எஸ். பக் எழுதிய நாவலைத் தழுவிய ‘தி குட் எர்த்’ (1937) படத்தை அண்மையில் பார்த்தேன். சீன விவசாயியாகவும் அவன் மனைவியாகவும் வெள்ளையர்கள் ஒப்பனையிட்டு நடித்திருப்பது உறுத்தியது. ஆனாலும் வெட்டுக்கிளிக் காட்சியும் முடிவும் கண்கலங்க வைத்துவிட்டன. இப்படி ரசிப்பது சரிதானா?

கா.

அன்புள்ள கா. அவர்களுக்கு,

உங்களுக்கு உறுத்தியதில் நியாயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங், விவசாயியின் மனைவி ஓ-லானின் வேடத்தைப் பெரிதும் விரும்பியிருந்தும், விவசாயி வாங் லுங்காகப் பால் முனி நடித்த அந்தப் படத்தில் அது லூயிசே ரைனருக்கே போனது; இரண்டாம் மனைவியாகக் குடும்பத்தைக் குலைக்க வரும் தாமரையின் வேடத்தை ஏற்க அன்னா மறுத்துவிட்டார். அதிகம் பேசாமலே நடித்து ரைனர் பெற்ற ஆஸ்கர், தகுதிக்கே கிடைத்தது என்றுதான் நினைக்கிறேன். அதனால் அந்த அநீதி குறைந்துவிடாது.

ஆனால் ஒப்பனை கண்ணுக்குத் தெரிவதால் நாம் சுதாரித்துக்கொள்கிறோம். உங்களைக் கலங்க வைத்த முடிவின் மீதுதான் எனக்குச் சந்தேகம். படத்தில் வெட்டுக்கிளிகளோடு நடக்கும் போராட்டம் குடும்பத்தை ஒன்றுசேர்க்கிறது. ஓ-லான் இறந்ததும் வாங் லுங், நீயே நிலம் என்று உருகுகிறான். 1931இல் வெளிவந்த நாவலிலோ, ஏழு நாள் வெட்டுக்கிளிகளை விரட்டும் அவன் அதுவரை வீட்டுத் தொல்லைகளை மறந்திருக்கிறான், அவ்வளவுதான். தாமரை அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

தாமரைக்காக அவன் முத்துகளைக் கேட்கும் இடத்தை நாவலில் படித்துப் பாருங்கள். குளக்கரைக் கல்லில் அவனுடைய துணிகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருக்கும் ஓ-லான், ஈரக் கையை மார்புக்குள் விட்டு, பஞ்ச காலத்திலிருந்து பொத்தி வைத்திருந்த அந்த இரண்டு முத்துகளை எடுத்துக் கொடுக்கிறாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து அவன் சிரிக்கிறான். அவள் திரும்பவும் துவைக்கத் தொடங்குகிறாள். கண்ணீர் வழிகிறது, அதைத் துடைக்கக் கை எழவில்லை. துவைக்கும் கட்டை மட்டும் விடாமல் விழுந்துகொண்டிருக்கிறது. அவளை மண் என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியதில்லை. மண் எதையும் திருப்பிக் கேட்பதில்லை அல்லவா?

படத்தைத் தாராளமாக ரசியுங்கள். கையோடு நாவலின் கடைசிப் பக்கத்தையும் படித்துவிடுங்கள். நிலத்தை விற்கமாட்டோம் என்று, கிழவராகிவிட்ட வாங் லுங்கை இருபுறமும் தாங்கிப் பிடித்தபடி உறுதி கூறும் மகன்கள், அவர் தலைக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொள்கிறார்கள்.