பேன் ஆனவங்க திரும்பி வரலாமா? சேலம் கேமர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சேலம், ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் பக்கத்துப் பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து பிஜிஎம்ஐ, வாலரண்ட்ங்கிற ஆன்லைன் துப்பாக்கி கேம்களை விளையாடுற நம்ம குழுவுல, பேன் ஆனவங்க (ஆடத் தடை விழுந்தவங்க) அனுப்புற அப்பீலைப் படிச்சு முடிவு சொல்றது என் வேலை. அதைப் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள்ல பெயரை எடுத்துட்டு ஊரை மட்டும் வச்சிருக்கேன்.

அம்மாப்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, ஈஎஸ்பி ஹேக் (சுவருக்குப் பின்னாடி இருக்கிற எதிராளியையும் காட்டுற ஏமாத்து மென்பொருள்) போட்டு ஆடினேன். பிஜிஎம்ஐ ஐடிக்கு பத்து வருஷம் பேன் விழுந்துடுச்சு. இன்ஸ்டாவுல ஒருத்தர் ரெண்டாயிரம் குடுத்தா அன்பேன் பண்ணித் தர்றேன்னு சொல்றார். குடுக்கலாமா?

ஒரு ரூபா கூடக் குடுக்காதீங்க தம்பி. பேன் இருக்கிறது கம்பெனியோட சர்வர்ல. வெளியாள் யாரும் அதைத் தொட முடியாது. பணத்தை வாங்கிட்டு அடுத்ததா உங்க லாகின் ஓடிபியையும் கேட்பான். கேமுக்குள்ள இருக்கிற கஸ்டமர் சப்போர்ட்டுக்கு ஒரு தடவை எழுதிப் பாருங்க. ஆனா ஹேக் போட்டது நிஜம்னா அந்த ஐடி போனது போனதுதான்.

நம்ம குழு வேற கணக்கு. கம்பெனி தடுக்கிறது ஒரு ஐடியை, நாங்க தடுக்கிறது ஒரு ஆளை. எங்ககிட்ட வரணும்னா, எந்த ஐடியில எந்த ஹேக் போட்டீங்க, அப்போ கூட ஆடின ஸ்குவாட் யாருன்னு முதல்ல சொல்லுங்க. ஆறு மாசம் பரிசுப் போட்டி கிடையாது. ஸ்க்ரிம்ல (பயிற்சி ஆட்டத்துல) ஹேண்ட்கேம் (கை ஆடுறதைக் காட்டுற கேமரா) வச்சு ஆடணும். ஹேக்கோட ஜெயிச்சு ஏதாவது பரிசு வாங்கியிருந்தா அதைத் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் பேச்சே.

சூரமங்கலம்: செகண்ட் ஹேண்ட்ல போன் வாங்கினேன். பிஜிஎம்ஐ திறந்தா டிவைஸ் பேன்னு வருது. நான் ஒண்ணுமே பண்ணலையே?

பழைய ஓனர் பண்ணினது உங்க தலையில விழுந்திருக்கு. 2021 டிசம்பர்ல இருந்து ஹேக் பிடிபட்டா ஐடியோட போனையும் சேர்த்துத் தடுக்கிறாங்க. வாங்கின பில், தேதி, ரெண்டையும் வச்சு சப்போர்ட்டுக்கு எழுதுங்க. கடைக்காரர் தெரிஞ்சவர்னா போனைத் திருப்பிக் கேட்கிறதுதான் சீக்கிரம் முடியும். மத்தவங்களுக்கு: பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் போன்லயே கேமை இறக்கி, லாகின் பண்ணி, ஒரு மேட்ச் ஆடிப் பார்த்துட்டு வாங்குங்க.

ஏற்காடு: காத்து மழைன்னா இங்க கரண்ட் போயிடும், நெட்டும் போயிடும். வாலரண்ட்ல பாதி மேட்ச்ல வெளியேறினேன்னு பெனால்ட்டி மேல பெனால்ட்டி. மழைக்கு நான் என்ன பண்ணுவேன்?

நீங்க எழுந்து போனீங்களா, கரண்ட் போச்சான்னு கேமுக்குத் தெரியாது. ஆள் இல்லைங்கிறது மட்டும்தான் தெரியும், திரும்பத் திரும்ப நடந்தா தண்டனை கூடிக்கிட்டே போகும். மிச்சம் நாலு பேர் அந்த மேட்சைத் தோத்திருப்பாங்க, அவங்களையும் நினைச்சுப் பாருங்க. வானம் இருட்டினா அன்னைக்கு டெத்மேட்ச் (அணி இல்லாம தனித்தனியா ஆடுறது) மட்டும் ஆடுங்க, யாரையும் நட்டாத்துல விட்ட மாதிரி ஆகாது. நம்ம குழுப் போட்டியில மலைக்காரங்களுக்கு மாற்று ஆள் வச்சுக்க அனுமதி இருக்கு. முன்கூட்டியே சொல்லிடுங்க, போதும்.

ஃபேர்லேண்ட்ஸ், ஒரு அம்மா: என் பையனுக்கு 15 வயசு. வாய்ஸ் சாட்ல கெட்ட வார்த்தை பேசினான்னு உங்க குழுவுல இருந்து எடுத்துட்டீங்க. சரியாச் சாப்பிட மாட்டேங்கிறான். சின்னப் பையன்தானே, நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன். சேர்த்துக்கக் கூடாதா?

அக்கா, அவனை எடுத்திருக்கிறது மூணு மாசத்துக்குத்தான். அதை முதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. பேன்ங்கிற வார்த்தையைப் பார்த்ததுமே இனி எப்பவும் உள்ள வர முடியாதுன்னு நினைச்சுக்கிற பசங்க நிறைய. தேதி தெரிஞ்சாலே பாதி பாரம் இறங்கிடும்.

மன்னிப்பை மட்டும் நீங்க கேட்காதீங்க. அவன் பேச்சை வாங்கிக்கிட்டது இன்னொரு வீட்டுப் பிள்ளை. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் மைக்கே ஆன் பண்ணலை. எதிராளி எந்தப் பக்கம் வர்றான்னு சொல்ல முடியாம வாயை மூடிக்கிட்டு ஆடுது. அவன் தூக்கமும் சாப்பாடும் எனக்கு எவ்வளவு முக்கியமோ, அந்தப் பொண்ணோட குரலும் அவ்வளவு முக்கியம்.

மூணு மாசம் முடிஞ்சதும் அவனே எழுதட்டும். பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காதீங்க, படிச்சாத் தெரிஞ்சிடும். "யாருக்காவது மனசு கஷ்டமா இருந்தா சாரி"ன்னு வந்தா திருப்பி அனுப்பிடுவேன். என்ன சொன்னான், யார்கிட்ட சொன்னான், அதனால அவங்களுக்கு என்ன ஆச்சு, இந்த மூணும் அதுல இருக்கணும். வீட்டுல பேசுற தமிழ்லயே நாலு வரி போதும்.

15 வயசுப் பசங்க மேல எனக்கு நிறைய நம்பிக்கை இருக்குங்க. தோத்த ஆத்திரத்துல பெரியவங்க பேசக் கேட்டதை அப்படியே கக்கிடுறாங்க. அப்படி வெளியே போய்த் திரும்பி வந்தவங்கள்ல சிலர்தான் இப்போ புதுப் பசங்களுக்கு ரூம்ல பொறுமையாச் சொல்லிக் கொடுக்கிறாங்க. சாப்பிடாம இருக்கிறது தொடர்ந்தா கேமைப் பத்திப் பேசாம அவன்கூட உட்காருங்க, பள்ளிக்கூடத்துல வேற ஏதாவது நடந்திருக்கலாம். தேவைப்பட்டா டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

அஸ்தம்பட்டி: நான் வேற குழுவுல ஆடுறேன். என்னை மாசக்கணக்கா அசிங்கமாப் பேசினவரை "திருந்திட்டார்"னு திரும்பச் சேர்த்துட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. நான் மன்னிக்கலைன்னா நான்தான் கெட்டவளா?

இல்லைம்மா. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் முழுக்க உங்க விருப்பம். அட்மின் அதை உங்களுக்காகக் கொடுத்துட முடியாது.

இன்னைக்கு வந்த கேள்விகள்லயே எனக்கு இதுதான் பெருசு. மறுவாய்ப்புன்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் பேன் ஆனவனைப் பத்தியே பேசுறாங்க. அவன் எவ்வளவு நாள் காத்திருந்தான், எவ்வளவு அழகா எழுதினான். அவனால விளையாட்டையே விட்டுட்டுப் போனவங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கிறதில்லை. நாங்க ஒரு அப்பீலை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி, பாதிக்கப்பட்டவங்களைத் தனியாக் கேட்கிறோம். அவங்க பதில் சொல்லாம இருக்கலாம். "நான் இருக்கிற ரூம்ல அவர் வேண்டாம்"னு சொன்னா காரணம் கேட்க மாட்டோம். ரெண்டு பேரும் ஒரே நாள் ஸ்க்ரிமுக்குப் பேர் கொடுத்தா, வேற நாளுக்கு மாறிக்க வேண்டியது திரும்பி வந்தவர்தான். இதை ஒத்துக்க முடியாதவர் இன்னும் திருந்தலைன்னுதான் நான் எடுத்துக்கிறேன்.

உங்க அட்மினுக்கு எழுதுங்க. அவரைத் திரும்ப நீக்கச் சொல்லிக் கேட்கிறதும் கேட்காததும் உங்க இஷ்டம். குறைஞ்சபட்சம் ஒரே லாபியில, அதாவது ஒரே ஆட்டத்துல, போடக் கூடாது, உங்களுக்குத் தனி மெசேஜ் அனுப்பக் கூடாது, இந்த ரெண்டையும் எழுத்துல வாங்குங்க. பழைய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிச்சுடாதீங்க. கேமுக்கு வெளியே தொந்தரவு பண்ணினா, மிரட்டினா, அது சைபர் கிரைம் போலீஸ் பார்க்கிற விஷயம். 1930-ங்கிற எண் பண மோசடிக்கு. இந்த மாதிரிப் புகாரை தேசிய சைபர் கிரைம் இணையதளத்துலயே பதியலாம்.

ஆத்தூர்: ஹேக் போட்டு நாட்டு மானத்தையே வாங்கின ஃபோர்சேக்கனுக்குக் கூட மறுவாய்ப்பு உண்டுன்னு சொல்வீங்களா?

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 2018 அக்டோபர்ல ஷாங்காய்ல நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில, ஆப்டிக் இந்தியா அணியில ஃபோர்சேக்கன்ங்கிற பேர்ல ஆடினவர் மேட்ச் நடுவுலயே ஹேக்கோட பிடிபட்டார். அந்த ஃபைலுக்கு வேர்ட் மென்பொருள் மாதிரி பேர் வச்சிருந்தார். அணி வெளியேத்தப்பட்டுச்சு, நிர்வாகம் அணியையே கலைச்சுடுச்சு. இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் அவருக்கு ஐந்து வருஷத் தடை போட்டுச்சு.

தடைக் காலம் முடிஞ்சா ஆட விடணும்னுதான் நான் சொல்வேன். அஞ்சு வருஷம்னு விதிச்சுட்டு அதுக்கப்புறமும் விரட்டினா, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஆனா ஆட விடுறது வேற, நம்புறது வேற. ஒரு தப்பும் பண்ணாம வேலை போன நாலு கூட்டாளிகள் இருக்காங்க. அவங்க முகத்தைப் பார்த்து என்ன சொல்றார்ங்கிறதை வச்சுத்தான் நான் அவரை எடைபோடுவேன்.

கவுன்டர் ஸ்ட்ரைக் கேமை நடத்துற வால்வ் கம்பெனியும் இந்த இடத்துக்கு மெதுவாத்தான் வந்துச்சு. முன்னாடி வேக் பேன் (ஹேக்கைப் பிடிக்கிற வால்வோட மென்பொருள் போடுற தடை) ஒருதடவை விழுந்தா அவங்க ஸ்பான்சர் பண்ற போட்டி எதுலயும் ஆடவே முடியாது. பள்ளிக்கூட வயசுல பண்ணின தப்புக்குக் கூட அதே கதிதான். 2021-ல விதியை மாத்தினாங்க. பேன் வாங்கி ஐந்து வருஷம் தாண்டினவங்க ஆடலாம். வால்வ் ஸ்பான்சர் பண்ற போட்டியில ஒருதடவை கலந்துக்கிட்ட பிறகு பேன் வாங்கினவங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஐடி மேல பேன் அடையாளம் அப்படியே இருக்கும். பொடியனுக்குக் கதவு திறந்திருக்கு, பெரிய மேடைக்கு வந்துட்டு ஏமாத்தினவனுக்கு மூடியிருக்கு. சரியான இடத்துல கோடு போட்டிருக்காங்கன்னு நினைக்கிறேன்.

ஐந்து ரோடு, செஸ் மாணவி: 2021-ல ஆனந்த் சாரோட நிதி திரட்டும் ஆட்டத்துல தொழிலதிபர் நிகில் காமத் கம்ப்யூட்டர் உதவியோட ஆடினதை ஒத்துக்கிட்டார். மூடின கணக்கை செஸ்.காம் தளம் திரும்பக் கொடுத்துடுச்சு. சாதாரண ஆளுக்கு இப்படி நடக்குமா?

அது ரேட்டிங் இல்லாத ஆட்டம், ஆனந்தும் மேல கொண்டுபோக விரும்பலை. அதுதான் சொல்லப்பட்ட காரணம். பிரபலம்ங்கிறதால எல்லாரும் பேசினாங்க. ஆனா பிடிபட்டவர் உண்மையை ஒத்துக்கிட்டா புதுக் கணக்குல மறுபடி ஆட விடுற வழக்கம் அந்தத் தளத்துல சாதாரண ஆட்டக்காரர்களுக்கும் உண்டு. மறைச்சு வாதாடினா அந்த வழியும் போயிடும். உங்க வயசுல யாராவது பிடிபட்டா இதைச் சொல்லுங்க.

குகை: தப்பே பண்ணாம பேன் ஆனவங்க கதி?

நடக்கும். 2010-ல மாடர்ன் வார்ஃபேர் 2 கேம் ஆடின சுமார் 12,000 பேரை வால்வ் தப்பாத் தடுத்துடுச்சு. பிறகு பேனை நீக்கி, மன்னிப்பு கேட்டு, லெஃப்ட் ஃபோர் டெட் 2 கேமை இலவசமாக் கொடுத்தாங்க. அப்பீலுக்கு இடமே இல்லைன்னு சொல்ற எந்தக் குழுவையும் நான் நம்ப மாட்டேன். பேன் போட்ட அட்மினே அப்பீலையும் படிச்சா அது அப்பீலே இல்லை, வேற ஆள் படிக்கணும்.

ஓமலூர், புதுசா குழு நடத்துறவர்: பேன் மெசேஜ்ல என்ன எழுதணும் அண்ணா? நாங்க வெறுமனே கிக் பண்ணிட்டு பிளாக் பண்ணிடுறோம்.

அதனாலதான் அதே ஆள் புது ஐடியில அன்னைக்கு ராத்திரியே வந்து நிக்கிறான். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் நடத்துற ரயட் கம்பெனி, தடை போடுறப்போ காரணத்தையும் அந்த ஆள் டைப் பண்ணின சாட்டையும் சேர்த்து அனுப்பிப் பார்த்துச்சு. வெறும் தடை வாங்கினவங்களை விட, தன் வார்த்தையைத் தானே படிச்சவங்கள்ல திருந்தினவங்க அதிகம்.

அதனால தேதி, நேரம், எந்த ரூம், அவர் சொன்னது அல்லது செஞ்சது, எந்த விதி, எத்தனை நாள், எந்தத் தேதியில யாருக்கு அப்பீல் எழுதலாம், எல்லாத்தையும் போடுங்க. புகார் கொடுத்தவங்க பேரைப் போடாதீங்க. உங்க கோபத்தையும் போடாதீங்க. பேன் ஆனவர் பேரைக் குழு முழுக்க அறிவிக்கவும் வேண்டாம், பாதிப் பேர் பள்ளிக்கூடப் பசங்க. நாங்க அனுப்புற மெசேஜோட மாதிரியை உங்களுக்குத் தனியா அனுப்புறேன், உங்க விதிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.