கேள்வி – பதில்: 45 ஆயிரம் ரூபாய்க்கு ஓர் அடையாள அட்டை

கேள்வி: பி.காம். முடித்து ஒரு வருஷம் ஆகிறது. கம்பெனிகளிலும் பேங்குகளிலும் நடக்கிற மோசடிகளைக் கண்டுபிடிக்கிற வேலையில் சேர ஆசை. 'நாற்பதே மணி நேரத்தில் மோசடிப் புலனாய்வாளர் ஆகலாம். அரசு அங்கீகாரம், அடையாள அட்டை, 100 சதவீத வேலை உறுதி' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் 45,000 ரூபாய். கட்டலாமா? மற்ற இடங்களில் அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? திருநெல்வேலியில் இருந்துகொண்டே இதில் நுழைய முடியுமா? அப்பாவிடம் சொன்னால், 'ஊரான் பொல்லாப்பு நமக்கு எதுக்குலே' என்கிறார்.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, மோசடியைக் கண்டுபிடிக்கப் போகிறவர், முதல் மோசடிக்கே 45,000 ரூபாய் எண்ணி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அந்த விளம்பரத்தையே உங்கள் முதல் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

'அரசு அங்கீகாரம்' என்றால் எந்தத் துறை, எந்த ஆணை, என்ன தேதி? கேளுங்கள். பெரும்பாலும் 'உத்யம்' பதிவு எண்ணை நீட்டுவார்கள். அது சிறுதொழில் நடத்துகிற யாரும் தாமே விவரம் கொடுத்து இலவசமாகப் போட்டுக்கொள்கிற பதிவு. டவுனில் மிக்சர் கடை வைத்திருப்பவரும் வாங்கலாம். அதற்கும் பாடத்திட்டத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கம்பெனி என்று சொல்லிக்கொண்டால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். என்றைக்குப் பதிவானது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது காசில்லாமல் தெரிந்துவிடும். அடையாள அட்டையில் சிங்கமுகச் சின்னம் இருந்தால் அட்டையைத் தொடக்கூடச் செய்யாதீர்கள். தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே சட்டம் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தனியார் துப்பறியும் நிறுவனங்களுக்கு லைசென்ஸ் கொடுக்க 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. சட்டமாகவில்லை. ஆகவே அந்த அட்டை உங்களுக்கு எந்த அதிகாரமும் தராது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது, வீட்டில் நுழைந்து தேட முடியாது. அடுத்தவருடைய போன் அழைப்புப் பட்டியலைக் காசு கொடுத்து வாங்கினால் நீங்களே குற்றவாளி. உங்களை நியமித்த கம்பெனி எந்தப் பீரோவைத் திறந்து காட்டுகிறதோ, அந்தப் பீரோ வரைக்கும்தான் உங்கள் ராஜ்ஜியம்.

உண்மையான சான்றிதழ் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோசடி ஆய்வாளர் சங்கம், ஏ.சி.எஃப்.இ., 1988-ல் தொடங்கியது. அவர்கள் தரும் சி.எஃப்.இ. பட்டத்துக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு. படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போடுவார்கள். 40 புள்ளி இருந்தால் பரீட்சை எழுதலாம், பட்டம் கையில் வர 50 புள்ளி வேண்டும். அதோடு, இந்தத் துறை சார்ந்த வேலையில் குறைந்தது இரண்டு வருஷம் இருந்திருக்கவும் வேண்டும். ஆக, உலகமே ஒப்புக்கொள்கிற சங்கம் இரண்டு வருஷம் கேட்கிறது. உங்கள் விளம்பரக்காரர் நாற்பது மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். நம் பட்டயக் கணக்காளர் கழகமும் தடயவியல் கணக்கியலுக்கு ஒரு படிப்பு நடத்துகிறது. அது ஆடிட்டராகத் தேறிய உறுப்பினர்களுக்கு மட்டும்.

சரி, இந்த வேலை எப்படி இருக்கும்? உங்கள் மனசில் கறுப்புக் கண்ணாடியும் பைக்கும் ஓடுகிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நான் பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம் வவுச்சர் டிக் அடித்தவன். அப்போது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

அரிசி மொத்த வியாபாரம் செய்கிற ஒரு மண்டி. ஏற்று இறக்குக் கூலி அந்த வருஷம் கொஞ்சம் கூடுதல் என்று முதலாளி அண்ணாச்சிக்கு ஒரு உறுத்தல். வவுச்சர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கையெழுத்து, கைநாட்டு, ரெவின்யூ ஸ்டாம்பு, ஒன்றும் குறைவில்லை. கூட்டல் சரி. நான் பச்சை மையில் டிக் அடித்துக்கொண்டே போனேன். எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் இருந்தார், படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான். அவர் கட்டை வாங்கினார், எழுத்தைப் பார்க்கவே இல்லை. குண்டூசியை உருவிவிட்டு ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிய தாளில், குண்டூசி ஓட்டையைச் சுற்றித் துரு வட்டமாகப் படிந்திருக்கும். அந்தக் கட்டில் பாதித் தாள்களில் துரு இருந்தது. பாதியில் ஓட்டை பளிச்சென்று புதுசாக இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தின தேதி போட்ட தாளில் போன வாரத்து ஓட்டை. புது ஓட்டைத் தாள்களை மட்டும் தனியாக அடுக்கினார். அதில் ஒன்றின் தேதி தைப்பொங்கல். 'பொங்கலன்னைக்கு எந்தப் பய மூட்ட தூக்க வந்தாம்?' என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். 'கணக்கர் திருடிவிட்டார்' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்தார். 'கீழ்க்கண்ட வவுச்சர்களுக்கு லோடு வந்ததற்கான பதிவு இல்லை' என்று மாற்றி, தேதி, தொகை, வவுச்சர் எண் மூன்றையும் வரிசையாக எழுதச் சொன்னார். பல வருஷம் கழித்து ஏ.சி.எஃப்.இ.யின் நெறிமுறையைப் படித்தபோது, ஒருவர் குற்றவாளியா நிரபராதியா என்று ஆய்வாளர் கருத்துச் சொல்லக் கூடாது என்று இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பெரியவர் அதை எங்கே படித்தார் என்று தெரியவில்லை.

டொனால்ட் கிரெஸ்ஸி என்று ஒரு அமெரிக்கக் குற்றவியல் அறிஞர். நம்பிக்கை மோசடியில் சிறைக்குப் போனவர்களிடம் பேசி, 1953-ல் தன் ஆய்வை வெளியிட்டார். வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, கைக்கு எட்டுகிற வாய்ப்பு, 'கடனாகத்தானே எடுக்கிறோம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்: இந்த மூன்றும் கூடுகிற இடத்தில் மோசடி நடக்கிறது என்று அதிலிருந்து பின்னால் வந்தவர்கள் ஒரு முக்கோணம் வரைந்தார்கள். எங்கள் மண்டிக் கணக்கருக்கு மகள் கல்யாணம். காசும் அவர் கையில், கணக்கும் அவர் கையில். சம்பளம் கூட்டிக் கேட்டு முதலாளி தரவில்லை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது உங்கள் கோழி-முட்டைக் கேள்வி. 'மோசடிப் புலனாய்வாளர்' என்று போர்டு மாட்டிய வேலையைத் தேடினால் திருநெல்வேலியில் கிடைக்காது. போர்டு இல்லாத வேலையைத் தேடுங்கள். பாளையங்கோட்டையிலும் ஜங்ஷனிலும் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸ்களில் பேங்க் கன்கரன்ட் ஆடிட் (வருஷக் கடைசிக்குக் காத்திராமல் அவ்வப்போதே நடக்கிற தணிக்கை) செய்கிற ஆபீஸ் எது என்று விசாரித்து அங்கே உதவியாளராகச் சேருங்கள். நகைக்கடன் பையைப் பிரித்து எடை பார்க்கிற இடத்தில் நிற்பீர்கள். ஸ்டாக் ஆடிட்டுக்குப் போனால், பேப்பரில் இருக்கிற 600 மூட்டை குடோனில் இருக்கிறதா என்று எண்ணுவீர்கள். பேங்குகளுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் ஆர்.சி.யு. என்ற பிரிவு உண்டு. கடன் கேட்டவர் கொடுத்த சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அசலா போலியா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அதை வெளி ஏஜென்சிகளுக்குக் கொடுக்கிறார்கள். திசையன்விளை, ராதாபுரம் என்று வெயிலில் பைக்கில் சுற்றி, 'இந்த முகவரியில் இந்தக் கடை இருக்கிறதா' என்று பார்த்துவரப் பையன்கள் வேண்டும். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விசாரணையும் இப்படித்தான். சம்பளம் பெட்ரோலுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து உங்கள் பயோடேட்டாவில் எழுத ஏதாவது இருக்கும். அதற்கப்புறம் சென்னைக்கோ பெங்களூருக்கோ, கறுப்புப் பணப் பரிவர்த்தனைகளைக் கண்காணிக்கிற வேலைக்கோ, பெரிய ஆடிட் கம்பெனிகளின் தடயவியல் பிரிவுக்கோ விண்ணப்பம் போடுங்கள். இன்றைக்கே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் எழும்பூரில் இறங்கி என்ன காட்டுவீர்கள்?

அரசு வேலையில் பிடிப்பு இருந்தால் அதிலும் இதே வேலை வேறு பெயரில் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பட்டியலில் உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவு, அறநிலையத் தணிக்கை எல்லாம் வரும். உங்கள் ஊர்ப்பக்கம் சொசைட்டி நகைக்கடனில் கோளாறு என்றால் 'எண்பத்தொண்ணு போட்டுட்டாங்க' என்று பேசுவார்களே, அது 1983 கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை. இழப்பை வசூலிக்கத் தண்டத்தீர்வை போடுவது 87. அந்த விசாரணை அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால் வரி வரியாகப் படியுங்கள். மேலே படிக்க ஆசையிருந்தால், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையே இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ் தூரம்.

மிச்ச நேரத்தில் எக்செல் படியுங்கள். ஒரே பில் நம்பர் இரண்டு தடவை வந்திருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை தேதியில் எத்தனை பதிவு, அனுமதி வரம்பு 10,000 என்றால் 9,900-க்கு எத்தனை பில் என்று நொடியில் பிரிக்கத் தெரிய வேண்டும். பென்ஃபோர்டு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: இயல்பாக விளைகிற தொகைகளில் 1-இல் தொடங்குபவை ஏறக்குறைய 30 சதவீதம், 9-இல் தொடங்குபவை 5 சதவீதத்துக்கும் குறைவு. மனசிலிருந்து எண் போடுகிறவனுக்கு இது தெரியாது. ஆனால் விதி பிசகினாலே மோசடி என்று குதிக்கக் கூடாது. எங்கே தோண்டலாம் என்பதற்குத்தான் அது. டேலி கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் சுவடு எங்கே பதிவாகிறது என்று பாருங்கள். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் அந்தச் சுவடு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பழைய 420 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318, நம்பிக்கை மோசடி 316. வாட்ஸ்அப் செய்தியையோ கம்ப்யூட்டர் பதிவையோ கோர்ட்டில் காட்ட, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் போனைப் பிடுங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கேஸ் உங்கள் கையாலேயே செத்துப்போகும்.

பேச்சும் வேண்டும். மோசடிகள் அதிகம் வெளிவருவது கம்ப்யூட்டரால் அல்ல, யாரோ ஒருவர் வாய் திறப்பதால்தான். ஏ.சி.எஃப்.இ. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளியிடும் ஆய்வுகளில் தொடர்ந்து முதலிடம் அதற்குத்தான். லோடுமேனிடம் இங்கிலீஷில் கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டார். 'அண்ணாச்சி, ஒரு டீ குடிப்பமா' என்று உட்காரத் தெரிந்தவருக்குத்தான் விஷயம் வரும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அறிக்கை எழுத மட்டும் இங்கிலீஷ் பழகுங்கள்.

அப்பா சொன்ன பொல்லாப்பு பொய்யில்லை. அந்த மண்டிக் கணக்கரைப் போலீஸுக்குக் கொண்டுபோகவில்லை. பணத்தைத் தவணையில் வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதிக் கூட்டத்தில் எதிரே வந்தார், தோளில் பேத்தி. நான் வேறு பக்கம் திரும்பப் பார்த்தேன். 'நல்லா இருக்கீயளா தம்பி' என்று அவர்தான் முதலில் கேட்டார். எனக்கு உடனே வாய் வரவில்லை.