தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் உறைந்துபோகும் எஸ்எஸ்ஹெச்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “வீட்டிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து வேலை செய்கிறேன். கீழே மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் திரை அப்படியே நிற்கிறது, எதைத் தட்டினாலும் அசைவதில்லை. சர்வரில் கோளாறா?”

சர்வரைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் கன்ட்ரோலையும் கியூவையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். தெரியாமல் கன்ட்ரோல் எஸ்ஸில் கை பட்டிருந்தாலும் திரை இப்படித்தான் நிற்கும். அதற்கும் அசையாமல், சும்மா விட்ட பிறகு மட்டும் இப்படி ஆகிறது என்றால் கோளாறு நடுவழியில்.

உங்கள் வீட்டு ரௌட்டர், இணைய நிறுவனத்தின் நாட் (பலரை ஒரே பொது முகவரியில் இணையத்துக்கு அனுப்பும் கருவி), ஆபீஸ் ஃபயர்வால் எல்லாமே எந்த இணைப்பு யாருடையது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் உங்கள் வரியை அழித்துவிடும், பல சமயம் இரண்டு பக்கத்துக்கும் சொல்லாமலேயே. லேப்டாப்போ இணைப்பு இருக்கிறது என்று நம்பி, நீங்கள் தட்டிய எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். நாட் ஒரு டிசிபி இணைப்பை (எஸ்எஸ்ஹெச் ஓடுவது இதன் மேல்தான்) குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382 என்ற இணைய விதி ஆவணம் சொல்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஷூரில் போக்குவரத்தைப் பிரித்துவிடும் லோட் பேலன்சர் மாற்றாமல் விட்டால் 4 நிமிடத்திலேயே கைவிட்டுவிடும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் 7200 விநாடி கழித்துத்தான் தொடங்கும், அதை நம்பிப் பயனில்லை.

அதனால் எஸ்எஸ்ஹெச்சையே அவ்வப்போது பேச வையுங்கள். உங்கள் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் கோப்பில் ‘ஹோஸ்ட்’ என்று எழுதி, இடம் விட்டு நட்சத்திரக் குறி போட்டு, அடுத்த வரியில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல் 60’ சேருங்கள், ஆங்கில எழுத்தில், ஒட்டிய ஒரே சொல்லாக. இது வழக்கமாக 0, அதாவது எதுவுமே போகாது. 60 வைத்தால் நிமிடத்துக்கு ஒரு சிறு செய்தி போகும். மூன்றுக்குத் தொடர்ந்து பதில் இல்லையென்றால் உறைந்து நிற்காமல் இணைப்பை முடித்துவிடும். புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் செயலியைப் பயன்படுத்துபவர்கள் கனெக்ஷன் பகுதியில் கீப்அலைவ் பெட்டியில் 60 போட்டால் போதும்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா? ஜன்னலை மூடவேண்டாம். புட்டி இல்லாமல் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் நுழைந்தவர்கள் என்டர், டில்டே (~), புள்ளி, இந்த வரிசையில் தட்டினால் வெளியே வந்துவிடலாம்.

லேப்டாப் தூங்கிவிட்டால் அந்தச் சிறு செய்தியும் உதவாது. பாதி ஓடிய டேட்டாபேஸ் மாற்றம் அறுந்துபோவது உண்மையிலேயே மனதை உடைக்கும், அதனால் நீண்ட வேலை எதுவானாலும் நுழைந்தவுடன் சர்வரில் டிமக்ஸ் என்ற நிரலைத் திறந்து அதற்குள் ஓட்டுங்கள். இணைப்பு போனாலும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் வந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ கொடுத்து விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.